குளிர்கிறதா பெண்ணே? ருஷ்ய நாட்டுப்புறக் கதைகளும் இன்றைய மாயப் புதினங்களும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

எங்கள் கல்லூரி நூலகத்தில் 'பிறநாட்டு இலக்கியம்' என்று எழுதி ஒட்டிய அலமாரியின் கடைசித் தட்டில், முன்னட்டை கழன்றுபோன ஒரு ருஷ்யக் கதைப் புத்தகம் இருக்கிறது. மாஸ்கோவில் தமிழில் அச்சான புத்தகம் அது. 1970களிலும் 1980களிலும் முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகா பதிப்பகமும் அங்கே தமிழில் அச்சிட்ட நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இங்கே மிகக் குறைந்த விலைக்கு விற்றதை மூத்த பேராசிரியர்கள் அறிவார்கள். சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்தது. அதன் கதைப் புத்தகங்கள் மட்டும் நூலகங்களின் கடைசித் தட்டுகளில் தங்கிவிட்டன. முதலாண்டுப் பொங்கல் விடுமுறையில் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். இரவு சாப்பாட்டுக்குப் பின் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். ஆகவே புத்தகம் என்றால் அது நான் வாசித்துச் சொல்லவேண்டியது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அன்று வாசித்த கதை இது. கிழவர் ஒருவருக்கு மூத்த தாரத்து மகள் ஒருத்தி. இரண்டாம் மனைவிக்கும் ஒரு மகள். மனைவியின் பேச்சைத் தட்டமுடியாத அந்தத் தகப்பன், தாயில்லாப் பெண்ணைப் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி, நடுக்காட்டில் ஒரு மரத்தடியில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார். உறைபனிக்கு அதிபதியான மொரோஸ்கோ மரத்துக்கு மரம் தாவி வந்து, குளிர்கிறதா என்று அவளைக் கேட்கிறார். பல் கிட்டும் குளிரிலும் அவள், இல்லை ஐயா, கதகதப்பாகவே இருக்கிறது என்கிறாள். அவர் இன்னும் நெருங்கி வந்து குளிரை ஏற்றுகிறார். அதே கேள்வி, அதே விடை. கடைசியில் அவருக்கு மனம் இளகுகிறது. மென்மயிர்ப் போர்வையும் பொன்னும் மணியும் கொடுக்கிறார். அதைக் கண்டு பொறாமை கொண்ட மாற்றாந்தாய், தன் மகளையும் அதே மரத்தடியில் கொண்டுபோய் விடச் சொல்கிறாள். அவளிடமும் அதே கேள்வி. அவளோ குளிர்கிறது, கைகால் விறைக்கிறது, தொலைந்து போ என்று ஏசுகிறாள். மறுநாள் வண்டியில் வந்தது அவளுடைய பிணம்.

அப்பத்தா வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"ஏத்தா, சின்னவ என்ன தப்புப் பண்ணுனா? குளுருதான்னு கேட்டான், குளுருதுன்னு சொன்னா. பொய் சொன்னவளுக்குப் பொன்னு, உள்ளதச் சொன்னவளுக்குச் சாவா?"

"அவரை ஏசினாளே, அப்பத்தா."

"வெறைச்சுச் சாகுறவ வாயில வேற என்ன வரும்?"

எனக்கு விடை தெரியவில்லை. பணிவு, பொறுமை என்று பள்ளியில் எழுதிய நீதிக்கதைப் பாணியில் ஏதோ சொன்னேன். அப்பத்தா அதை ஒப்புக்கொள்ளவில்லை. கல்லூரிக்குத் திரும்பியதும் ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, உன் அப்பத்தா கேட்ட கேள்வியையே கேட்டுப் புதினம் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லித் தம் சொந்தப் பிரதிகளைத் தந்தார். கைப்பேசியில் அகராதியை வைத்துக்கொண்டு முதல் நூலை முடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அப்படிப் படித்தவற்றைப் பற்றியே இக்கட்டுரை. வேதியியல் மாணவிக்கு இது ஏன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வேதியியலும் இதில் கொஞ்சம் வரத்தான் செய்கிறது.

சொன்னவர் பெயர் இல்லாத கதைகள்

ருஷ்ய நாட்டுப்புறக் கதைகள் என்று இன்று உலகம் படிப்பவற்றில் பெரும்பகுதி ஒரே மனிதரின் தொகுப்பிலிருந்து வந்தது. அவர் பெயர் அலெக்சாந்தர் அஃபனாசியெவ் (1826–1871). மாஸ்கோவில் வெளியுறவுத் துறையின் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவர். 1855 முதல் 1863 வரை எட்டுப் பகுதிகளாக அவர் வெளியிட்ட தொகுப்பில் ஏறத்தாழ 600 கதைகள் உள்ளன. ஊர் ஊராகப் போய் அவரே கேட்டு எழுதியவை மிகச் சில. ருஷ்யப் புவியியல் கழகத்தின் காப்பகத்தில் கிடந்த கையெழுத்துப் படிகள் ஒரு பங்கு. அகராதி ஆசிரியர் விளாதிமிர் தால் திரட்டிக் கொடுத்தவை இன்னொரு பெரும் பங்கு. நாடு கடந்து வாழ்ந்த அரசியல் எதிர்ப்பாளர் ஒருவரோடு தொடர்பு வைத்திருந்தார் என்ற ஐயத்தின் பேரில் 1862இல் அஃபனாசியெவின் வேலை போயிற்று. வயிற்றுப்பாட்டுக்காகத் தம் நூலகத்தை விற்றார். காசநோயால் 45 வயதில் இறந்தார். கதைகளைக் காப்பாற்றிக் கொடுத்தவரின் கதை இவ்வளவுதான்.

இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் யார்? உழவர்கள், கிழவிகள், வண்டிக்காரர்கள், படைவீரர்கள். ருஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல்தான் ஒழிக்கப்பட்டது. ஆகவே தொகுப்பின் முதற்பகுதிகள் அச்சேறியபோது, அக்கதைகளைச் சொன்ன மக்களில் மிகப் பலர் நிலத்தோடு சேர்த்து விற்கப்படக்கூடியவர்களாக இருந்தார்கள். தாங்கள் சொன்ன கதை புத்தகமானதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? அறிந்திருந்தாலும் படிக்க முடிந்திருக்காது. நூலில் பெரும்பாலும் கதைக்கு எண் உண்டு, கிடைத்த இடமும் சில கதைகளுக்கு உண்டு. சொன்னவர் பெயர் அரிது. மொரோஸ்கோ கதைக்கு இன்றைய பதிப்புகளில் 95, 96 என்று இரண்டு எண்கள். மறுகூறல் என்பது ஏதோ நம் காலத்துப் புதுமை என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களைக் கவனிக்கவேண்டும். ஒரே கதையை அன்றே இருவர் இருவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே வேதியியல் வருகிறது. 1928இல் விளாதிமிர் பிராப் என்ற ஆய்வாளர் அஃபனாசியெவ் தொகுப்பிலிருந்து நூறு மாயக் கதைகளை எடுத்துப் பகுத்துப் பார்த்து, கதைகளின் உருவியல் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். உருவியல் என்ற சொல்லைத் தாவரவியலிலிருந்து எடுத்துக்கொண்டதாக அவரே கூறுகிறார்; தாவரவியல் நண்பர்கள் மகிழலாம். கதை மாந்தரின் பெயரும் கோலமும் எப்படி மாறினாலும், அவர்கள் செய்யும் செயல்கள் 31 வகைக்குள் அடங்கும், அவை வரும் வரிசையும் மாறாது என்பது அவர் முடிவு. எத்தனால் ஆனாலும் புரோப்பனால் ஆனாலும் ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றுதானே. கார்பன் சங்கிலி நீண்டாலும் வினைச்செயல் தொகுதியைப் பார்த்துச் சேர்மத்தின் குணத்தை நாம் சொல்லிவிடுவதில்லையா? அதுபோலத்தான். மொரோஸ்கோ கேட்கும் கேள்வி பிராப் கணக்கில் 12ஆவது செயல், அதாவது கொடையாளர் வைக்கும் சோதனை. பெண் சொல்லும் விடை 13ஆவது. போர்வையும் பொன்னும் 14ஆவது. காட்டில் கோழிக்கால் குடிசையில் வாழும் சூனியக்கிழவி பாபா யாகாவும் பல கதைகளில் இதே கொடையாளர்தான்.

படிக்கும்போது எனக்குப் பெருமகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அப்பத்தாவின் கேள்விக்கு அந்த அட்டவணையில் இடம் இல்லை. தீங்கு செய்பவருக்கு அதில் இடம் உண்டு. ஏன் தீங்கு செய்கிறார் என்பதற்கு இல்லை. காரணங்கள் கதைக்குக் கதை மாறுபவை, நிலையற்றவை என்று பிராப் அவற்றை ஒதுக்கிவிடுகிறார். கதைக்கு ஆண்டும் இல்லை. 'ஒரு ஊரிலே' என்றால் எந்த ஊர், எந்த அரசன் காலம் என்று யாரும் கேட்பதில்லை. பிராப் ஒதுக்கிய இடத்தில்தான் இன்றைய புதின ஆசிரியர்கள் நுழைகிறார்கள் என்பது என் கருத்து. அவர்கள் கதைக்கு ஓர் ஆண்டைக் குறிக்கிறார்கள். ஆண்டு குறித்த மறுகணமே, அந்த ஆண்டின் பசியும் போரும் பயமும் கதைக்குள் வந்துவிடுகின்றன. கதையில் இலவசமாகக் கிடைத்த மாயத்துக்குப் புதினத்தில் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

மாற்றாந்தாய் ஏன் அப்படி?

அமெரிக்காவில் டெக்சாஸில் பிறந்து, மாஸ்கோவில் ஓராண்டு தங்கிப் படித்து, ருஷ்ய மொழியில் பட்டம் பெற்றவர் கேத்தரின் ஆர்டன். அவருடைய முதல் புதினம் 'தி பேர் அண்ட் தி நைட்டிங்கேல்' 2017இல் வெளிவந்தது. கரடியும் இராப்பாடிப் பறவையும் என்று பொருள். பதினான்காம் நூற்றாண்டில், வடக்கே காட்டோரத்தில் ஒரு நிலக்கிழாரின் வீடு. கடுங்குளிர் இரவு. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளுக்கு முதிய தாதி ஒருத்தி கதை சொல்கிறாள். என்ன கதை? அதே மொரோஸ்கோ கதை! இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அப்பத்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அந்த வீட்டில் பின்னர்ப் பிறக்கும் வசிலீசா என்ற பெண்தான் கதைத் தலைவி. வீட்டில் வாஸ்யா என்பார்கள். அவளைப் பெற்ற அன்றே தாய் இறந்துவிடுகிறாள். வாஸ்யாவின் கண்ணுக்குப் பிறர் காணாதவை தெரிகின்றன. அடுப்புக்குள் குடியிருந்து வீட்டைக் காக்கும் தோமவோய், குதிரைக் கொட்டிலின் காவலன், நீர்நிலையில் வாழும் ருசால்கா ஆகியோரோடு அவள் பேசுகிறாள். ரொட்டித் துண்டு வைக்கிறாள். பிறகு மாற்றாந்தாய் வருகிறாள். இங்கேதான் ஆசிரியரின் திறம் தெரிகிறது. அன்னா என்ற அந்த மாற்றாந்தாய்க்கும் அதே கண் உண்டு. அவளும் அவற்றைக் காண்கிறாள். ஆனால் அவற்றைப் பேய்கள் என்று நம்பும்படி வளர்க்கப்பட்டவள் அவள். மாஸ்கோ அரசர் மகள். துறவி மடத்தில் சேரவேண்டும் என்பதே அவள் ஆசை, ஏனெனில் கோயிலுக்குள் மட்டும்தான் அவற்றின் தொல்லை இல்லை. அவளைக் கேட்காமல் காட்டோர வீட்டுக்கு மணம் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். அங்கே அடுப்புக்குள்ளும் அது நிற்கிறது, கொட்டிலிலும் அது நிற்கிறது. அவள் அலறுகிறாள். அலறுபவளைப் பைத்தியம் என்கிறார்கள்.

மாற்றாந்தாய் என்றாலே கொடியவள் என்று எத்தனை கதையில் கேட்டிருக்கிறோம். இரண்டு பெண்களுக்கும் ஒரே பார்வை இருந்து, ஒருத்திக்கு அது உறவாகவும் இன்னொருத்திக்கு அது நரகமாகவும் ஆவதை இந்தப் புதினத்தில்தான் படித்தேன். கதையில் வருவது போலவே இவளும் நடுக்குளிர்காலத்தில் வாஸ்யாவைக் காட்டுக்கு அனுப்பத்தான் செய்கிறாள். செயல் மாறவில்லை, பிராப் சொன்னது சரிதான். ஆனால் இப்போது அதைப் படிக்கும் நமக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை.

ஊருக்கு வரும் பாதிரியார் கான்ஸ்தந்தீன், வீட்டுத் தேவதைகளுக்குப் படைப்பது பாவம் என்று போதிக்கிறார். மக்கள் பயத்தில் நிறுத்திவிடுகிறார்கள். காவல் தேவதைகள் மெலிகின்றன, பயிர் பொய்க்கிறது, காட்டில் கட்டுண்டு கிடந்த கரடி என்னும் தீய சக்தி விழிக்கிறது. இப்பகுதியில் எனக்கு ஒரு குறை பட்டது. பழைய தேவதைகள் யாவும் நல்லவை, புதிய சமயம் யாவும் அச்சம் என்று கோடு கிழிப்பது சற்று மிகையாக இருக்கிறது. ஆசிரியரே இதை உணர்ந்திருக்கவேண்டும். அடுத்த நூல்களில் வாஸ்யாவின் அண்ணன் சாஷா துறவியாக வருகிறான், நல்லவன், வீரன். மூன்றாம் நூலான 'தி விண்டர் ஆஃப் தி விட்ச்' (2019) 1380ஆம் ஆண்டுக் குலிகோவோ போரில் முடிகிறது. மாஸ்கோ இளவரசர் திமீத்ரி தாத்தாரியத் தளபதி மமாயை வென்ற வரலாற்றுப் போர் அது. போர் தொடங்குமுன் பெரஸ்வெத் என்ற துறவி எதிரி வீரனோடு தனித்து மோதி இருவரும் மாண்டனர் என்பது ருஷ்யர் போற்றும் செய்தி. ஆர்டன் அந்தப் பெரஸ்வெத்தையே சாஷாவாக்கிவிட்டார். ஆகவே வரலாறு தெரிந்த வாசகருக்கு, அண்ணன் எந்த ஆண்டு எந்தக் களத்தில் சாவான் என்பது முன்பே தெரியும். மாயத்தால் அதைத் தடுக்க முடியாது. அந்தக் களத்தில் துறவிகளும் வீட்டுத் தேவதைகளும் ஒரே பக்கம் நிற்கிறார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். 1382இல் தொக்தமிஷ் என்பவன் படையெடுத்து வந்து மாஸ்கோவை எரித்தான். புதினம் அதற்கு இரண்டாண்டு முன்னரே நின்றுவிடுகிறது. வெற்றியில் நிறுத்துவது கதைகளுக்கு இருக்கும் சலுகை போலும்.

வாஸ்யாவுக்கு முன்னால் வைக்கப்படும் வழிகள் இரண்டு: கல்யாணம் அல்லது துறவி மடம். அவள் இரண்டையும் மறுக்கிறாள். கதையில் வந்த பெண் 'கதகதப்பாக இருக்கிறது' என்று சொல்லிப் பிழைத்தாள். இவளுக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. அதற்கான விலையையும் கொடுக்கிறாள். சூனியக்காரி என்று மாஸ்கோக் கூட்டம் அவளைத் தீயிலிடப் பார்க்கிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்து வந்தவள் நான். முதல் பருவத்தில் வகுப்பில் பாடம் முடிந்ததும் 'புரிந்ததா?' என்று கேட்பார்கள். நாங்கள் கடைசி இரண்டு வரிசையிலிருந்து 'புரிந்தது ஐயா' என்போம். மீண்டும் ஒருமுறை கேட்பார்கள். மீண்டும் அதே விடை. வேகத்தை இன்னும் கூட்டுவார்கள். எனக்குக் கைகால் விறைத்துக்கொண்டிருந்தது. ஏன் புரியவில்லை என்று சொல்லவில்லை என இப்போது யோசித்தால், சொன்னால் ஏதோ பறிபோய்விடும் என்ற பயம்தான். இந்த இடம் எனக்குக் கிடைத்ததே பெரிது. குளிர்கிறது என்று சொன்னால் வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற நினைப்பு. கதையில் மூன்றாம் முறை போர்வை கிடைத்தது. எனக்கு அந்தப் பருவத்தில் கனிம வேதியியலில் அரியர் விழுந்தது. கேட்டவர்மேல் பிழை இல்லை, கேட்கத்தான் செய்தார்கள். கதையைத்தான் நான் தவறாகப் படித்திருந்தேன்.

ஊசிமுனையில் வைத்த உயிர்

மொரோஸ்கோவுக்கு அடுத்து மறுகூறுவோரை அதிகம் ஈர்த்தவன் சாவில்லாத கோஷ்சேய். கடல் நடுவே ஒரு தீவு, தீவில் ஓக் மரம், மரத்தடியில் பெட்டி, பெட்டிக்குள் முயல், முயலுக்குள் வாத்து, வாத்துக்குள் முட்டை, முட்டைக்குள் ஊசி. அந்த ஊசிமுனையில் அவன் சாவு இருக்கிறது. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை ஒளித்த மந்திரவாதியை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பிராது. உலகெங்கும் பரவிய கதைவகை இது. கதைப் பட்டியலில் 302 என்று எண்ணிடப்பட்டது. அப்பத்தாவும் 'இது நம்ம கிளிக்கதைதான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இந்தக் கோஷ்சேயைப் பற்றி இரண்டு புதினங்கள். அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. ஆனால் இரண்டும் லெனின்கிராது நகரத்தில் போய்க் கட்டுண்டிருக்கின்றன.

முதலாவது, ஸ்துருகாத்ஸ்கி சகோதரர்கள் 1965இல் எழுதிய 'திங்கட்கிழமை சனிக்கிழமையிலேயே தொடங்குகிறது'. லெனின்கிராதிலிருந்து காரில் வடக்கே வரும் ஒரு கணினி நிரலாளர், வழியில் இருவரை ஏற்றிக்கொள்கிறார். இரவு தங்க இடம் கிடைப்பது கோழிக்கால் குடிசையில். வீட்டுக்காரக் கிழவி பாபா யாகாவின் சாயல். மரத்தடியில் உலவும் பூனை கதை சொல்லத் தொடங்குகிறது. ஆனால் எந்தக் கதையும் தொடக்கத்துக்கு மேல் அதற்கு நினைவில்லை. பிறகுதான் தெரிகிறது, அந்த ஊரில் மந்திரத்தை ஆராய்வதற்கென்றே ஓர் அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது! அதன் பெயர்ச் சுருக்கம் ருஷ்ய மொழியில் 'ஒன்றுமில்லை' என்ற ஒலி தரும். கோஷ்சேய் அங்கே கூண்டில் இருக்கிறான். அவன்மேல் குற்றங்களுக்கும் முடிவில்லை, விசாரணைக்கும் முடிவில்லை, சாவில்லாதவன் அல்லவா! ஆய்வுக்கூடம், கோப்பு, கூட்டம், வெற்று அறிக்கை எழுதும் பேராசிரியர் என்று நூல் முழுதும் நகைச்சுவை. செய்முறை வகுப்பில் உட்கார்ந்து ரகசியமாகப் படிக்க ஏற்ற நூல் (நான் அப்படிப் படிக்கவில்லை). ஓய்வைவிட வேலை இனிது என்று சனிக்கிழமையிலேயே திங்களைத் தொடங்கிவிடும் இளம் ஆய்வாளர்கள்மேல் ஆசிரியர்களுக்குள்ள அன்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. இளையவர் போரிஸ் வானியல் படித்துப் புல்கோவோ விண்ணோக்ககத்தில் வேலை பார்த்தவர்.

இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் வேலன்டே 2011இல் எழுதிய 'டெத்லெஸ்'. சாவில்லாதவன் என்று பொருள். பழைய கதையில் இளவரசன் இவானின் மூன்று தங்கைகளைப் பறவைகள் மனிதராகி வந்து மணம் செய்கின்றன. வேலன்டே அந்தச் சகோதரிகளை வீரப்பெண் மார்யா மொரேவ்னாவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். சன்னலோரம் நின்று அவள் பார்க்கிறாள். ஒரு பறவை விழுந்து ஜார் மன்னனின் படை அதிகாரி ஆகிறது. அடுத்தது வெள்ளைப்படை அதிகாரி. மூன்றாவது செம்படை அதிகாரி. மூன்று மாப்பிள்ளைகளில் புரட்சியின் வரலாறே அடங்கிவிட்டது. அவர்கள் வீடிருக்கும் கரோஹவயா தெருவின் பெயர் மாறுகிறது. நகரத்தின் பெயரும் மாறுகிறது. ஒரே வீட்டில் பன்னிரண்டு குடும்பங்கள் குடியேற்றப்பட, அடுப்புக்குப் பின்னாலிருக்கும் தோமவோய்கள் பன்னிருவரும் குழு அமைத்துக் கூட்டம் போடுகிறார்கள். இதுவரை சிரித்துக்கொண்டே படித்தேன். நடுப்பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. கோஷ்சேயும் மார்யாவும் ஒருவரையொருவர் அடிமைப்படுத்துவதையே காதல் என்று ஆசிரியர் நீட்டிக்கொண்டு போகிறார், அலுப்பாக இருந்தது.

பிறகு 1941 வருகிறது. ஜெர்மானியப் படை லெனின்கிராதைச் செப்டம்பர் 8 அன்று சுற்றி வளைத்தது. முற்றுகை 1944 சனவரி 27 வரை, 872 நாட்கள் நீடித்தது. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை, தொழிலாளர் அல்லாதவர்க்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான். அதிலும் மாவைத் தவிர மற்றவை பல. கதையில் ஆயிரம் மைல் நடந்தும் களைக்காத இவான், இந்த நகரத்தில் பசியால் நலிகிறான். தீவு, மரம், பெட்டி, முயல், வாத்து, முட்டை, ஊசி என்று அத்தனையும் கடந்து வந்தவனுக்கு ஒரு துண்டு ரொட்டி இல்லை. சாவை ஊசிமுனையில் ஒளித்துவைப்பது என்பது வெறும் மாயம் அல்ல, அந்த நகரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் செய்ய முயன்றது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

1979இல் அமெரிக்காவில் பிறந்த ஒருவர் இந்தப் பசியை எழுதலாமா? எழுத உரிமை உண்டா? என் விடுதித் தோழி இதைக் கேட்டாள். நியாயமான கேள்வி. இதற்கு விடையாக அல்ல, உடன் வைத்துப் பார்ப்பதற்காக ஒன்று சொல்கிறேன். போரிஸ் ஸ்துருகாத்ஸ்கி 1933இல் லெனின்கிராதில் பிறந்தவர். முற்றுகைக் காலத்தில் எட்டு வயதுப் பையன். 1942 சனவரியில் தந்தையும் அண்ணன் அர்காதியும் நகரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். தந்தை வழியிலேயே வலொக்தாவில் இறந்தார். போரிஸ் தாயோடு நகரில் இருந்து உயிர் தப்பினார். பசியை அறிந்தவர் சாவில்லாத கோஷ்சேயைக் கூண்டிலடைத்து நம்மைச் சிரிக்கவைத்தார். பசியை அறியாதவர் அவனை அந்தப் பசி நடுவே கொண்டுபோய் நிறுத்தி நம்மை அழவைக்கிறார். இரண்டில் எது உயர்ந்தது என்று என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. திரும்பப் படிப்பதென்றால் ஸ்துருகாத்ஸ்கியைத்தான் எடுப்பேன்.

நெயோமி நோவிக்கின் 'ஸ்பின்னிங் சில்வர்' (2018) பற்றியும் பேராசிரியர் சொன்னார். அதில் வரும் பனி அரசனிடம் மொரோஸ்கோவின் சாயல் இருந்தாலும், அதன் மூலம் ஒரு ஜெர்மானியக் கதை. ஆதலால் இங்கே விட்டுவிட்டேன். சோபி ஆண்டர்சனின் 'தி ஹவுஸ் வித் சிக்கன் லெக்ஸ்' (2018) சிறுவர்க்கு எழுதியது. அதில் பாபா யாகா, இறந்தவர்களுக்குச் சோறிட்டு வழியனுப்பி வைக்கும் அன்பான பாட்டி. அந்த நூலில் அப்பத்தாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. வீடு தானே எழுந்து நடந்து வேறு ஊருக்குப் போய்விடுகிறதாம். "செங்கச் சூளைக்குச் சூளை மூட்டையைத் தூக்கிட்டு அலைஞ்சதுக்கு, இப்படி ஒரு வீடு இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார்.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. தெருப் பிள்ளைகள் எங்கள் திண்ணையில் கூடினார்கள். அப்பத்தா, புத்தகம் இல்லாமலே, மொரோஸ்கோ கதையைச் சொல்லத் தொடங்கினார். பனிச்சறுக்கு வண்டி மாட்டுவண்டி ஆகியிருந்தது. காடு எங்கள் கண்மாய்க்கரையாகவும், காலம் மார்கழியாகவும் இருந்தன. மூத்தவள் பொன்னோடு திரும்பினாள். பிறகு சின்னவளைக் கொண்டுபோய் விட்டார்கள். பனிக்காரன் வந்து குளுருதா என்று கேட்டான். குளுருது என்றாள். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "இத்தனை வருசமா கேட்டுக்கிட்டுத் திரியுறேன், ஒருத்தி கூட உள்ளதச் சொன்னதில்லையே" என்று சொல்லி, தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்துப் போர்த்திவிட்டான்.

அஃபனாசியெவின் 95இலும் அது இல்லை, 96இலும் இல்லை. மறுநாள் காலை என் செய்முறை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அப்பத்தா சொன்ன சொற்களிலேயே அதை எழுதி வைத்தேன். அடியில் தேதி, ஊர், சொன்னவர் பெயர் மூன்றையும் எழுதினேன்.